பெட்டிக்குள் போகாத குரல்

கணினி வாயை மூடினால் என்டரைத் தட்டுவது கோகுலனின் பழக்கம். கண் தெரிந்தவர்கள் திரையைப் பார்த்து, அது என்ன கேட்கிறது என்று வாசித்துவிட்டுத் தட்டுவார்கள். கோகுலனுக்கு இருபத்திரண்டு வயதிலேயே விழித்திரை கைவிட்டுவிட்டது. அன்றிலிருந்து அவனுக்குத் திரை என்பது ஒரு குரல். திரையில் உள்ளதை எல்லாம் வாசித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று காதுக்குள் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். அது பேசும் வேகம் வேறு யாருக்கும் பிடிபடாது. கடுகு வெடிக்கிற மாதிரி இருக்கு என்பாள் மனைவி பிரசாந்தி. அந்த வெடிப்பு இடையில் நின்றுபோனால், அநேகமாக "சரி" என்றொரு பொத்தான் எங்கேயோ ஊமையாகக் காத்துக்கொண்டு நிற்கும். என்டரைத் தட்டினால் விலகிவிடும். இப்படித் தட்டித் தட்டியே பல வருடம் ஓடிவிட்டது. அநேகமாக என்ற சொல்லுக்கு வெளியே நிற்கிற அந்த ஒரு தரத்தைப் பற்றி அவன் யோசித்ததே இல்லை.

இன்னொரு பழக்கமும் இருந்தது. திரையின் வெளிச்சத்தை அடியோடு குறைத்து வைத்திருப்பான். பார்க்க ஆளில்லாத திரைக்கு வெளிச்சம் எதற்கு, கரண்ட் போனால் பற்றறி கொஞ்சம் கூடத் தாங்குமே என்று நினைத்தான். அதில் யாரும் பிழை பிடிக்க முடியாது.

உவர்மலையில், உட்துறைமுகத்தைப் பார்த்து இறங்கும் சரிவில் அவர்களுடைய வாடகை வீடு. நிறுவனங்கள் ஊர் ஊராய்ப் போய்க் கூட்டம் வைத்து ஒலிப்பதிவு செய்துவரும். அதைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பதுதான் கோகுலனின் தொழில். வந்தால் மூட்டையாய் வரும், வராவிட்டால் மாதக்கணக்கில் வராது. பிரசாந்தி நகரத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. போன ஐப்பசியில் அவளுக்கு இலங்கைத்துறையில் ஒரு சிறிய பள்ளிக்கூடத்துக்கு அதிபராகப் போகும்படி கடிதம் வந்தது. அன்றைக்குப் பாயாசம் வைத்தார்கள். அடுத்த நாளிலிருந்து அந்தக் கதை வீட்டில் முன்னுக்கு நகரவே இல்லை. இலங்கைத்துறைக்குத் தினமும் போய்வர ஏலாது. கிழமை நாட்களில் அங்கேதான் தங்கவேண்டும்.

"என்ன யோசிச்சீர்?" என்று கோகுலன் கேட்டால், "பாப்பம்" என்பாள். பிறகு குசினிக்குள் ஏதோ பாத்திரம் உருளும்.

அவள் எதை யோசிக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும் என்றுதான் அவன் நினைத்திருந்தான். போன வருடம் கேத்திலில் இருந்து கொதிநீர் ஊற்றும்போது கோகுலனின் கை முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரை வெந்துபோனது. மதிலுக்கு அந்தப் பக்கம் அயல்வீட்டு அக்காவான ஸல்ஹா ராத்தா முற்றம் கூட்டும் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஒரு குரல் கொடுத்திருந்தால் ஓடி வந்திருப்பார். கோகுலன் கொடுக்கவில்லை. பிரசாந்தி பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை கையைத் தண்ணீர்க் குழாய்க்குக் கீழே பிடித்தபடி நின்றான். வந்தவள் அப்படியே இருந்து அழுதாள். காயத்தைப் பார்த்து அழுகிறாள் என்று நினைத்து, "இது ஒண்டுமில்லை, ஆறிப்போகும்" என்று தேற்றினான். இப்படித் தேற்றுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அவளுக்கும் வந்திருக்கும், சொல்லவில்லை.

கார்த்திகையில் ஒரு வழி திறந்தது. கொழும்பில் ஒரு நிறுவனம் வெள்ளம், புயல் நேரங்களில் கூப்பிடுவதற்கு ஒரு உதவி இலக்கம் தொடங்கியது. தமிழில் பேசி விவரம் பதிவதற்கு வீட்டில் இருந்தே வேலை செய்யக்கூடிய ஆட்கள் தேவைப்பட்டார்கள். எழுத்துப் பரீட்சையிலும் நேர்முகத்திலும் கோகுலன் தேறினான். மிச்சம் இருந்தது ஒரு சோதனை அழைப்பு மட்டும். இந்த வேலை கிடைத்தால், வீட்டில் தனியாக ஒரு ஆள் நிமிர்ந்து இருக்கிறான் என்று பிரசாந்தி நம்பிப் போவாள். கிடைக்காவிட்டால் போகமாட்டாள். போகாததற்கு வேறு ஏதாவது காரணம் சொல்வாள். அந்தக் காரணத்தைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டுமே என்பதைத்தான் கோகுலனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வேலைக்கான மென்பொருளை நிறுவனம் அனுப்பியது. பிரச்சினையும் கூடவே வந்தது. கோகுலனின் மடிக்கணினியை இயக்குவது லினக்ஸ் என்ற இயங்குதளம், அதுவும் பழைய பதிப்பு. புதுப்பிக்கத் தெரியாமல் இல்லை. ஒருமுறை புதுப்பித்தபோது காதுக் குரல் போய், திரும்பி வருவதற்குள் கையில் இருந்த வேலை எல்லாம் கைநழுவிப் போனது. அன்றிலிருந்து அதைத் தொட அவனுக்குப் பயம். பழைய லினக்ஸில் புதிய மென்பொருள் ஏறாது. ஆனால் நிறுவனத்துக்காரர்கள் எந்த லினக்ஸிலும் ஓடும் பொதுப் பொதி என்று ஒன்றைத் தந்திருந்தார்கள். மூதூரில் கைபேசியும் கணினியும் திருத்தும் கடை வைத்திருக்கும் பஸ்லானிடம் கோகுலன் விசாரித்தான். லினக்ஸை முதன்முதலில் போட்டுக் கொடுத்தவனும் பஸ்லான்தான்.

"அண்ணன், முந்தி ஒவ்வொரு புறோகிறாமும் உங்கட குசினியில வந்துதான் சமைக்கும்" என்றான் பஸ்லான். "உங்கட சட்டி, உங்கட உப்பு. குசினி பழசு எண்டா புது ஆளுக்குச் சமைக்க ஏலாது. இது அப்பிடியில்ல, சோத்துப் பார்சல் மாதிரி. கறி, சம்பல், அப்பளம் எல்லாத்தையும் உள்ளுக்கே வெச்சுக் கட்டித்தான் வருது. எந்த வீட்டிலயும் வெச்சுத் தின்னலாம்."

"அப்ப நல்லதுதானே."

"நல்லதுதான். ஆனா பார்சல் பெருசு. ஒரே பருப்ப ஒவ்வொரு பார்சலிலயும் திருப்பித் திருப்பிக் கட்டுவானுகள், உங்கட டேட்டா முடிஞ்சிரும். ஸ்னாப் எண்டு ஒரு வகை இருக்கு, நீங்க சாப்பிட்டுக்கொண்டு இருக்கக்குள்ளயே தன்ட பாட்டுக்கு வந்து கறிய மாத்திட்டுப் போயிரும். ஆப்இமேஜ் எண்டது தனி ஒரு ஃபைல். மாறவே மாறாது, பழுதானாலும் மாறாது. உங்களுக்கு வந்திருக்கிறது அதுதான்."

ஆப்இமேஜ் ஓடியது. ஆனால் காதுக் குரலுக்கு அதன் உள்ளே நடப்பது தெரியவில்லை. பஸ்லான் தொலைபேசியிலேயே ஒரு சொல்லைச் சொல்லி, அதையும் சேர்த்து மென்பொருளைத் திறக்கச் சொன்னான். குரல் வந்தது. கோகுலன் அன்றைக்கு இரண்டு பேருக்கும் சேர்த்துத் தேத்தண்ணி போட்டுவிட்டுப் பிரசாந்தி வருவதற்கு வாசலில் காத்திருந்தான்.

சந்தோஷம் கனநாள் நிற்கவில்லை. ஆப்இமேஜை ஆளாளுக்கு வைத்திருந்தால் யார் பழையதை ஓட்டுகிறார்கள், யார் புதியதை ஓட்டுகிறார்கள் என்று தெரியாது, பாதுகாப்பும் போதாது, இனிமேல் பிளாட்பாக் மட்டும்தான் என்று நிறுவனம் மின்னஞ்சல் அனுப்பியது. பிளாட்பாக்கும் பார்சல்தான். ஆனால் பூட்டிய பெட்டிக்குள் வைத்த பார்சல். உள்ளே இருக்கும் மென்பொருள் கோப்புகளையோ மைக்கையோ தொடுவதற்கு முன், வெளியே காவல் நிற்கும் கணினி தன் சொந்தக்காரரிடம் அனுமதி கேட்கும்.

கோகுலனுக்குக் கோபப்படவும் முடியவில்லை. வெள்ளத்தில் நிற்கும் ஒருத்தி தன் விலாசத்தைச் சொல்வாள், பிள்ளைகளின் பெயரைச் சொல்வாள். கணினியில் இருக்கிற வேறொரு மென்பொருள் எட்டிப் பார்க்கிற இடத்தில் அது கிடக்கலாமா? சுவர் வேண்டும்தான். அந்தச் சுவர் தன் காதுக் குரலையும் கள்ளனாக எண்ணி மறித்துவிடுமோ என்பதுதான் அவனுடைய கவலை.

பஸ்லான் மோட்டார் சைக்கிளில் வந்து பிளாட்பாக்கைப் போட்டான். "எல்லாக் கதவையும் ஒரேயடியாத் திறந்து விடுற கட்டளையும் இருக்கு. அடிச்சு விட்டிரவா? தலையிடி இல்லை."

"வேண்டாம். மாத்தக் கூடாது எண்டு அவையள் எழுதியிருக்கினம். ஆக்களின்ர விசயம். நான் அப்பிடிச் செய்து இந்த வேலையை எடுக்க மாட்டன்."

பஸ்லான் போன பிறகு கோகுலன் முதன்முறையாக மென்பொருளைத் திறந்தான். அமைதி. விரல் தன்பாட்டில் போய் என்டரைத் தட்டியது. உடனே காதுக்குள் கடுகு வெடித்தது. பெயர், இடம், எத்தனை பேர், தண்ணீரின் மட்டம் என்று ஒவ்வொரு கட்டமாகக் குரல் வாசித்தது. கோகுலன் பெருமூச்சு விட்டான். சுவர் தன்னை மறிக்கவில்லை என்று எண்ணிக்கொண்டான்.

சோதனைக்கு முந்திய நாட்களில் அவனுக்கு நித்திரை சரியில்லை. நிறுவனம் அனுப்பிய ஒலிப்பதிவுகளைப் போட்டுக் கேட்டு, கட்டங்களை நிரப்பிப் பழகினான். பழகியதெல்லாம் கேட்கத்தான். பேசிப் பார்க்கும் வசதி பயிற்சியில் இல்லை. ஹெட்செட்டின் வயரை நாளுக்கு நாலு தரம் தடவிப் பார்த்தான். துறைமுகத்தில் கப்பல் ஹோன் அடித்தால் திடுக்கிட்டான். சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்தவனிடம் பிரசாந்தி கேட்டாள்.

"நாளைக்கு நான் லீவு போடட்டா?"

"தேவையில்லை. அறைக்குள்ள வேற ஆள் இருக்கக் கூடாது எண்டு சொல்லியிருக்கினம். தனியத்தான் செய்யவேணும்."

"ஓம், தனியத்தான்" என்றாள். அவள் சொன்ன விதம் அவனுக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்றும் விளங்கவில்லை.

சோதனை நாள் காலை மழை தூறிக்கொண்டிருந்தது. பிரசாந்தி பள்ளிக்கூடம் போய்விட்டாள். கோகுலன் ஹெட்செட்டை மாட்டி, மென்பொருளைத் திறந்து, கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான். சொன்ன நேரத்துக்கு மணி அடித்தது. பழகி வைத்த விசையை அமத்தினான்.

"வணக்கம், உதவி இலக்கம். சொல்லுங்கோ அம்மா."

"ஹலோ?" ஒரு பெண்குரல்.

"வணக்கம் அம்மா, சொல்லுங்கோ."

"ஹலோ? ஆராவது இருக்கிறீங்களா? தண்ணி வீட்டுக்குள்ள வந்திட்டுது. அம்மாவால நடக்க ஏலாது. ஹலோ?"

"கேக்குது அம்மா. நீங்கள் எந்த இடம்?"

"ஒண்டும் கேக்கேல்ல. ஹலோ?"

சோதனைக்காகப் பேசுகிறாள் என்று அவனுக்குத் தெரியும். தண்ணீரும் இல்லை, நடக்க முடியாத தாயும் இல்லை. ஆனாலும் அவன் எழுந்து நின்றுவிட்டான். "எனக்குக் கேக்குது, எனக்குக் கேக்குது" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினான். அவளுக்கு மட்டும் கேட்கவில்லை. "ஒருத்தரும் இல்லைப் போல" என்று தனக்குத் தானே சொல்வது போலச் சொல்லிவிட்டு அவள் அழைப்பை வைத்துவிட்டாள்.

கோகுலன் மென்பொருளை விட்டு வெளியே வந்து தன் குரலைப் பதிந்து பார்த்தான். தெளிவாகக் கேட்டது. அப்படியென்றால் மைக் பழுதில்லை. பெட்டிக்குள் போய் ஒவ்வொரு கட்டமாக வாசிக்க வைத்தான். குரல் எல்லாவற்றையும் வாசித்தது, பிழை என்று எதையும் சொல்லவில்லை. திரையில் எழுத்தாக எழுதாமல் படமாக மட்டும் ஏதோ இருக்கவேண்டும், அதற்குப் பெயர் வைக்க யாரோ மறந்திருக்கவேண்டும். பெயர் இல்லாததைக் குரல் வாசிக்காது. இப்போது தேவை ஒரு சோடிக் கண்.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஸல்ஹா ராத்தா கத்தரிக் கன்றை மேய வந்த, ஊருக்குள் திரியும் மான் ஒன்றைத் துரத்திக்கொண்டிருந்தார். "போ, போ, உனக்கு ஊர் முழுக்கப் புல்லு இருக்குத்தானே." கோகுலன் யன்னலடிக்குப் போய் நின்றான். கூப்பிட்டால் விதியை மீறினதாகும். தனியாகச் செய்யத் தெரியாதவன் என்று தானே கையெழுத்து வைத்தது போலாகும். கூப்பிடாவிட்டால் வேலை போகும், பிரசாந்தி போகமாட்டாள். தழும்பு விழுந்த கையால் யன்னல் கம்பியைப் பிடித்தான். முதல்தரம் கூப்பிட்டது மானுக்குக்கூடக் கேட்டிருக்காது.

"ஸல்ஹா ராத்தா, ஒருக்கா வாறீங்களா?"

மான் துரத்திய தடியோடேயே வந்து நின்றார். "என்ன தம்பி, முகமெல்லாம் வேர்த்துக் கிடக்கு?"

"இந்த ஸ்கிரீனில என்ன கிடக்கெண்டு பாருங்கோ."

ராத்தா குனிந்து பார்த்தார். "ஒண்டுமில்லியே தம்பி. கறுப்பாக் கிடக்கு. இது செத்துட்டுப் போல."

செத்துவிட்டதா? ஆனால் காதுக்குள் குரல் அப்போதுதான் நேரத்தைச் சொன்னது. செத்த சாமான் நேரம் சொல்லாதே. பிறகுதான் கோகுலனுக்குத் தன்னுடைய கெட்டித்தனம் ஞாபகம் வந்தது. வெளிச்சத்தைக் கூட்டும் விசையைத் தேடிப் பிடித்து அமத்தினான்.

"ஆ, இப்ப தெரியுது" என்றார் ராத்தா. "எல்லாம் இங்கிலீசு, எனக்கு வாசிக்கத் தெரியாது. மேல மூலையில மைக் படம் ஒண்டு. குறுக்கால சிவப்புக் கோடு போட்டிருக்கு."

கோகுலன் பஸ்லானுக்கு அழைத்தான்.

"அது கேட்டிருக்கும் அண்ணன், மைக்க விடட்டா எண்டு. நீங்க இல்லை எண்டு சொல்லியிருக்கிறீங்க."

"ஒண்டும் கேக்கேல்ல. நான் இல்லை எண்டும் சொல்லேல்ல. சத்தம் வரேல்ல, என்டர் தட்டினனான்."

"அந்தக் கேள்விப் பெட்டி இல்லை எண்டதிலதான் நிக்கும். பாதுகாப்புக்கு அப்பிடி வெச்சிருக்கிறானுகள். அது உங்கட குரலுக்கும் கேட்டிருக்காது. இனி அது கேக்கவும் மாட்டுது, நீங்க சொன்னதையே ஞாபகம் வெச்சிருக்கும். மறக்கச் சொல்லி ஒரு வரி அடிக்கணும். சொல்றன், அடிங்க."

கோகுலன் அடித்தான். மென்பொருளை மூடித் திரும்பவும் திறந்தான். அதே அமைதி. விரல் என்டருக்கு மேல் போய்விட்டது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"ராத்தா, இப்ப?"

"நடுவில ஒரு பெட்டி வந்திருக்கு. கீழ ரெண்டு பொத்தான். இடப்பக்கத்துப் பொத்தானச் சுத்தி நீலமா இருக்கு."

அம்பு விசையை அமத்தினான். "இப்ப?"

"நீலம் வலப்பக்கம் போயிட்டு."

என்டர்.

"கோட்டக் காணல்ல" என்றார் ராத்தா. ஏதோ மருத்துவம் பார்த்தவர் போலத் திருப்தியாகச் சொன்னார்.

கைபேசி அடித்தது. சோதனைக்குப் பொறுப்பான இன்ஷிரா. "கோகுலன், எங்கட ஆள் கூப்பிட்டிருக்கிறா. நீங்க கதைக்கல்ல."

மழுப்பிவிட வழி இருந்தது. இணையம் போய்விட்டது என்று சொல்லலாம், மலைப்பக்கம் அடிக்கடி போகும். கோகுலன் நடந்ததை நடந்தபடி சொன்னான். என்டரைச் சொன்னான், வெளிச்சத்தைச் சொன்னான், பக்கத்து வீட்டு ராத்தா அறைக்குள் வந்ததையும் சொன்னான்.

இன்ஷிரா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "வெள்ளத்துக்குள்ள நிண்டு கூப்பிடுற ஆள் ரெண்டாம் தரம் கூப்பிடாது, கோகுலன்" என்றார்.

"ஓம். தெரியும்."

"அந்தக் கேள்வியை உங்கட குரல் வாசிக்கவே இல்லையா?"

"இல்லை."

"நாங்க எல்லாரும் கண்ணால பாத்துட்டு அமத்திட்டம். அது பேசாது எண்டு எங்களுக்குத் தோணல்ல." கடுதாசி புரளும் சத்தம் கேட்டது. "அவவை அனுப்பிப்போட்டு இருங்க. நான் மேல கேக்கணும். விட்டா இன்னொரு அழைப்பு வரும். விடாட்டி வராது."

ராத்தாவை அனுப்பினான். அவர் போகாமல் வாசல் படலையடியிலேயே நிற்கிறார் என்பது அவனுக்குத் தெரிந்தது. மழை பெலத்தது. துறைமுகத்தில் ஏதோ கப்பல் நீளமாய் ஊதி ஓய்ந்தது. வேலை என்னத்துக்கு, ஒலிப்பதிவு கேட்டுக்கொண்டே இருந்திருக்கலாமே என்று நினைத்தான். பிரசாந்திக்கு என்ன சொல்வது என்று வசனம் வசனமாகக் கட்டிப் பார்த்தான். எந்த வசனமும் முடிவுவரை போகவில்லை. தேத்தண்ணி ஆறி ஆடை கட்டிய பிறகுதான் மணி அடித்தது.

"ஹலோ, கேக்குதா?"

"கேக்குது அம்மா. நீங்கள் எந்த இடத்தில நிக்கிறீங்கள்?"

"அப்பாடா" என்றாள் அந்தப் பெண். அது சோதனைக்காகச் சொன்னது போல இருக்கவில்லை.

பிரசாந்தி வந்தபோது அவன் கதவடியிலேயே நின்றான். வேலை கிடைத்தது, முதல் மூன்று மாதம் பரீட்சார்த்தம், அந்தக் கேள்விப் பெட்டியைக் குரலுக்குக் கேட்கச் செய்வதற்கு இன்ஷிரா அவனையே எழுதித் தரச் சொல்லியிருக்கிறார் என்று மூச்சு விடாமல் சொன்னான். அவள் குடையை மடித்து வைத்துவிட்டு, முதலில் இருந்து சொல்லச் சொன்னாள். சொன்னான். ராத்தாவின் இடம் வந்தபோது வேகமாகத் தாண்டப் பார்த்தான். தன் தோல்வி அதில்தான் இருக்கிறது என்று அவனுக்கு எண்ணம்.

"பொறுங்கோ" என்றாள் பிரசாந்தி. "ஆரைக் கூப்பிட்டனீங்கள்?"

"ஸல்ஹா ராத்தாவை."

"அவ சத்தம் கேட்டு வந்தவவோ, நீங்களாக் கூப்பிட்டனீங்களோ?"

"நான்தான் கூப்பிட்டனான். என்ன செய்யிறது, வேற வழியில்லை. ஆனா இனித் தேவைப்படாது. இப்ப எல்லாம் சரி, தனியச் செய்வன்."

எங்கேயோ பிழை விட்டுவிட்டோம் என்று கோகுலன் நினைத்தான். பிறகு அவளுடைய கைப்பை திறக்கும் சத்தம் கேட்டது. கதிரை இழுபட்டது. பேனை மூடி கழன்றது.

"என்ன செய்யிறீர்?"

"இலங்கைத்துறைக்கு வாறன் எண்டு எழுதுறன்."

"நான் சொன்னனான்தானே, வேலை கிடைச்சா நீர் நிம்மதியாப் போகலாம் எண்டு."

"வேலையால இல்லை." அவனுடைய கையை இழுத்து, வெந்து ஆறிய தழும்பின் மேல் தன் உள்ளங்கையை வைத்தாள். "உங்களுக்குத் தனிய இருக்கத் தெரியாது எண்டு நான் எப்ப பயந்தனான்? அண்டைக்கு ஒரு சத்தம் குடுத்திருந்தா, கடிதம் வந்த அண்டைக்கே ஓம் எண்டிருப்பன்."